வீட்டிலேயே பூண்டு உப்பு: பூண்டு வாங்குவதிலிருந்து பாட்டிலில் அடைப்பது வரை

உரிக்காத பூண்டை மூக்கருகே வைத்துப் பாருங்கள். வாசனை என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. அதே பல்லை அம்மிக்கல்லில் வைத்து ஒரே ஒரு தட்டு தட்டினால், கூடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரிந்துவிடும். பூண்டு உப்பு செய்வதில் தெரிந்துகொள்ள வேண்டிய பாதி விஷயம் இதற்குள்ளேயே இருக்கிறது.

பூண்டின் செல்லுக்குள் அல்லியின் என்ற பொருள் ஒரு பக்கமும், அல்லினேஸ் என்ற நொதி இன்னொரு பக்கமுமாகத் தடுப்பு போட்டதுபோல் இருக்கின்றன. நசுக்கும்போது தடுப்பு உடைந்து இரண்டும் சேர்கின்றன, அல்லிசின் பிறக்கிறது. நாக்கைச் சுரீரென்று பிடிக்கும் அந்தக் காரமும் மணமும் அதனால் வருவதுதான். இது நடக்க ஈரம் வேண்டும். சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டத் தாண்ட நொதி செயலிழந்துகொண்டே போகும். ஆக, பூண்டை நசுக்காமல், இளஞ்சூட்டில், ஈரம் போகக் காயவைத்துவிட்டால் இரண்டும் பொடிக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். சாப்பாட்டின் ஈரம் பட்டதும் விழித்துக்கொள்ளும். நான் ஒவ்வொரு கோடையிலும் செய்ய முயல்வது அந்தத் தூங்கும் பூண்டைத்தான்.

இது புரியாமல் இரண்டு தடவை கெடுத்திருக்கிறேன். முதல் தடவை அவசரப்பட்டு, சீவிய பூண்டை வாணலியில் பொன்னிறமாக வறுத்து அரைத்தேன். அரைக்கும்போது நல்ல வாசனைதான் வந்தது. உப்போடு கலந்து வாயில் போட்டால் ஒரே கசப்பு. பூண்டின் காரம் மருந்துக்கும் இல்லை. அடுத்த தடவை பக்குவமாகக் காயவைத்துத்தான் அரைத்தேன், ஆனால் அது ஐப்பசி மாதம், ஊர் சென்னை. ஒரே வாரத்தில் பாட்டிலுக்குள் கல்லாகிவிட்டது, கரண்டிக் காம்பால் குத்தியும் உடையவில்லை. சூட்டையும் ஈரத்தையும் எப்படிச் சமாளிப்பது என்பதுதான் கீழே எழுதியிருக்கும் அத்தனையும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் பூண்டுப் பொடி என்றால் மிளகாயும் பருப்பும் சேர்த்து அரைத்து இட்லிக்குத் தொட்டுக்கொள்வது. இது வேறு. இதில் காய்ந்த பூண்டும் உப்பும் மட்டும்தான்.

அளவு

உரித்த பூண்டு 250 கிராம். அதற்கு உரிக்காத பூண்டாக 300 கிராம் வாங்கினால் போதும். கல் உப்பு 300 கிராம். பாட்டிலின் அடியில் போட ஒரு தேக்கரண்டி அரிசி. வேறெதுவும் வேண்டாம்.

பச்சைப் பூண்டில் ஏறக்குறைய 60 சதவீதம் தண்ணீர். 250 கிராம் காய்ந்து முடியும்போது 100 கிராம் அளவில்தான் நிற்கும். ஒரு பங்கு பூண்டுப் பொடிக்கு மூன்று பங்கு உப்பு என்பது வழக்கமான கணக்கு, அதனால்தான் 300 கிராம் உப்பு. எங்கள் வீட்டில் இப்போது இரண்டு பங்கு உப்புதான் போடுகிறோம். பூண்டு தூக்கலாக இருக்கும், உப்பும் குறைவாக உள்ளே போகும். எதுவானாலும் எடை போட்டே கலக்க வேண்டும். பொடி எவ்வளவு நைசாக இருக்கிறது என்பதைப் பொறுத்துக் கரண்டி அளவு மாறிவிடும்.

பூண்டு வாங்கும்போது

கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூர், பூம்பாறை, பூண்டி, கவுஞ்சிப் பக்கம் விளைகிற மலைப்பூண்டுக்குக் காரமும் மணமும் அதிகம். புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. தேனி மாவட்டத்தில் பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிச் சந்தைதான் தமிழ்நாட்டில் பூண்டுக்குப் பேர்போன இடம். விலை கட்டுப்படியானால் மலைப்பூண்டே எடுங்கள். இல்லையென்றால் மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்து நம் மளிகைக் கடைகளில் குவிந்திருக்கும் சாதாரணப் பூண்டும் இதற்குத் தாராளமாகப் போதும். எதை வாங்கினாலும் அது நன்றாகக் காய்ந்த பூண்டுதானா என்று பார்ப்பதுதான் முக்கியம்.

பெரியகுளத்தில் இருக்கும் என் அத்தை பூண்டு வாங்கும்போது கண்ணால் பார்ப்பதற்கு முன் காதருகே கொண்டுபோவார். ஒரு குமிழை எடுத்து உள்ளங்கையில் உருட்டுவார். “தோலு சலசலன்னு சத்தம் போடணும் தாயி. சத்தம் இல்லேன்னா உள்ள இன்னும் பச்சை.” புதுப் பூண்டில் ஈரம் அதிகம். காய இன்னும் ஒரு நாள் பிடிக்கும், பொடியும் குறைவாகத் தேறும். முளை விட்ட பூண்டும் வேண்டாம். உள்ளே பச்சைக் குருத்து ஓடியிருந்தால் பொடியின் நிறம் மங்கும், லேசாகக் கசப்பும் தட்டும். ஒன்றிரண்டு பல் அப்படி வந்தால் நடுவில் கீறிக் குருத்தை எடுத்துவிடலாம்.

உரிப்பதும் சீவுவதும்

வெந்நீரில் ஊறப்போட்டால் தோல் சுலபமாகக் கழன்று வரும். குழம்புக்கு அது சரி. இங்கே தண்ணீரை வெளியேற்றத்தான் இவ்வளவு பாடு, நாமே அதை உள்ளே ஏற்றக் கூடாது. பல்லாக உதிர்த்து முறத்தில் பரப்பி, ஒரு மணி நேரம் நல்ல வெயிலில் வையுங்கள். தோல் மொறுமொறுவென்று ஆனதும் இரண்டு கையாலும் தேய்த்துப் புடைத்தால் முக்கால்வாசி பறந்துவிடும். மிச்சத்தைக் கத்தி முனையால் எடுத்துக்கொள்ளலாம். வேர்ப்பக்கத்துக் கட்டையை நறுக்கிவிடுங்கள், அது காயவே காயாது.

சீவும் கனம் 2 மில்லிமீட்டர், ஏறக்குறைய பழைய ஒரு ரூபாய் நாணயத்தின் தடிமன். சிப்ஸ் சீவும் கட்டை இருந்தால் எல்லாம் ஒரே அளவில் வரும். கத்தி என்றால் நன்றாகத் தீட்டியதாக இருக்கட்டும். மழுங்கிய கத்தி பூண்டைச் சீவாது, நசுக்கும். நசுங்கிய இடத்தில் எல்லாம் அல்லிசின் இப்போதே பிறந்து, காயும்போது காற்றோடு போய்விடும். மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றிக் காயவைக்கலாமே என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். ஒன்று தடிமனாகவும் ஒன்று மெல்லியதாகவும் இருந்தால் மெல்லியது கருகும்போதும் தடியது ஈரமாகவே இருக்கும். அந்த ஒரு தடித் துண்டு போதும், முழுப் பாட்டிலையும் கட்டியாக்க.

காயவைப்பது

இந்தக் கட்டத்தில் பொறுமை காட்டினால் மீதி எல்லாம் தானாக அமையும்.

வெயிலில் என்றால் மாசி பிற்பகுதியிலிருந்து வைகாசி வரை நல்ல காலம். மூங்கில் தட்டிலோ முறத்திலோ சுத்தமான வெள்ளை வேட்டித் துணி விரித்து, ஒன்றன் மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். மேலே இன்னொரு மெல்லிய துணி போட்டு ஓரங்களில் கல் வைத்துவிடுங்கள். தூசியும் ஈயும் வராது, காற்றும் தடைபடாது. மொட்டை மாடித் தரையில் நேரடியாக வைக்காமல் நாலு செங்கல் மேல் தூக்கி வைத்தால் அடியிலும் காற்றோட்டம் இருக்கும். முதல் நாள் மத்தியானம் துண்டுகள் துணியோடு பிசுபிசுவென்று ஒட்டும், அப்போது ஒரு தடவை திருப்பிப் போடுங்கள். பொழுது சாயுமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும். பனி இறங்கினால் பகல் முழுவதும் போன ஈரம் ராத்திரியில் திரும்பி வந்துவிடும். நல்ல வெயில் என்றால் மூன்று நாள், மந்தமாக இருந்தால் நாலு நாள். இரண்டாம் நாள் மேகம் கவிந்தால் வானத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம், மீதியை உலர்த்தும் கருவிக்கோ ஓவனுக்கோ மாற்றிவிடுங்கள். அரைகுறையாக நின்றால் பூஞ்சை பிடிக்கும்.

உணவு உலர்த்தும் கருவி வைத்திருப்பவர்களுக்கு வேலை குறைவு. 55 டிகிரி, எட்டிலிருந்து பத்து மணி நேரம். ஓடிஜி எனும் சின்ன மின்சார ஓவனில் செய்வதானால் டயலை அதன் ஆகக் குறைந்த சூட்டில் வைத்து, கதவு ஒரு விரல் அளவு திறந்திருக்கும்படி மரக்கரண்டியைச் செருகுங்கள். சூடும் குறையும், ஆவியும் வெளியேறும். அரை மணிக்கு ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும். வீடு முழுக்கப் பூண்டு வாடை அடிக்கும், சன்னலைத் திறந்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஏர் ஃபிரையரில் முயன்றால் ஒரு எச்சரிக்கை: காய்ந்த துண்டு காகிதம்போல் லேசாகிவிடும், விசிறிக் காற்றில் பறந்து மேலே உள்ள கம்பியில் ஒட்டிக் கருகும். மேலே ஒரு கம்பி வலையைக் கவிழ்த்துவிட்டுச் செய்யுங்கள். மைக்ரோவேவில் செய்யாதீர்கள். நடுவில் கருகி ஓரத்தில் பச்சையாக நிற்கும்.

நிறத்தைக் கவனித்துக்கொண்டே இருங்கள். தந்தத்தின் நிறத்தில், லேசான மஞ்சள் கலந்த வெள்ளையாக இருக்க வேண்டும். பூண்டில் இருக்கும் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சூட்டில் சேர்ந்துதான் பழுப்பு நிறம் கொடுக்கின்றன. பழுப்பு ஏறினால் நொதி போய்விட்டது, கசப்பு வந்துவிட்டது என்று அர்த்தம். இளம் பச்சையோ நீலமோ தட்டினால் பயப்பட வேண்டாம். பூண்டின் கந்தகப் பொருள்கள் செய்கிற வேலை அது, சாப்பிட எந்தக் கெடுதலும் இல்லை.

காய்ந்துவிட்டதா என்பதைச் சூடாக இருக்கும்போது முடிவு செய்யக் கூடாது. சூட்டோடு எடுத்தால் நன்றாகக் காய்ந்த துண்டுகூடத் தோல்போல் வளையும். பத்து நிமிடம் ஆறவிட்டு, இரண்டு விரலுக்கு நடுவே அழுத்துங்கள். டக்கென்று முறிந்து, முறிந்த இடத்தில் கண்ணாடிபோல் பளபளக்க வேண்டும். வளைந்து பிறகு முறிந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. ஆகத் தடியான துண்டைத் தேடி எடுத்துச் சோதியுங்கள். அப்புறம் தராசில் வையுங்கள். 250 கிராமாக இருந்தது 105 கிராமுக்குப் பக்கத்தில் வந்திருந்தால், ஒரு மணி நேரம் கழித்து மறுபடி நிறுத்தும் குறையாமல் இருந்தால், முடிந்தது.

இத்தனைக்குப் பிறகும் உடனே அரைக்க வேண்டாம். ஒரு கண்ணாடி பாட்டிலில் முக்கால் அளவு நிரப்பி மூடி, மூன்று நாள் வைத்திருங்கள். தினமும் ஒரு தடவை குலுக்கிவிட்டு, கண்ணாடியின் உள்பக்கத்தைப் பாருங்கள். பனித்துளிபோல் ஏதாவது தெரிந்தாலோ, துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டினாலோ, திரும்ப ஒரு வெயிலில் போடுங்கள். மேலே காய்ந்து உள்ளே ஈரம் ஒளிந்திருக்கும் துண்டுகளை இந்த மூன்று நாள் காட்டிக்கொடுத்துவிடும். பலர் தவறவிடும் படி இதுதான்.

உப்பு

தூத்துக்குடிக் கல் உப்பையே எடுத்துக்கொள்கிறேன். கடல் உப்பில் சோடியம் குளோரைடோடு கொஞ்சம் மக்னீசியம் குளோரைடும் ஒட்டிக்கொண்டிருக்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதற்கு முக்கியக் காரணம் அந்த மக்னீசியம்தான். சுத்தமான சோடியம் குளோரைடுகூடக் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தண்ணீரை இழுக்கத் தொடங்கும். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் வாழ்கிறவர்களுக்கு அது வருடத்தில் பல மாதம்.

கனமான வாணலியில் கல் உப்பை மிதமான தீயில் வறுங்கள். சற்று நேரத்தில் படபடவென்று வெடிக்கத் தொடங்கும். பரலுக்குள் சிறைப்பட்டிருந்த தண்ணீர் ஆவியாகி உடைத்துக்கொண்டு வெளியே வருகிற சத்தம் அது. வெடிப்பது அடங்கி, கையால் அள்ளினால் மணல்போல் உதிரும் பதம் வந்ததும் இறக்கிவிடுங்கள். அதற்கு மேல் வறுத்தால் அயோடின் சேர்த்த உப்பில் அயோடின் குறையும். அறைச் சூட்டுக்கு வரும்வரை ஆறட்டும். ஆறாத உப்பில் பூண்டுப் பொடியைக் கொட்டினால் அதுவரை பட்ட பாடு வீண். பாக்கெட்டில் வரும் தூள் உப்பைப் பயன்படுத்துவதானால் வறுக்கத் தேவையில்லை.

அரைத்துச் சலித்துக் கலப்பது

காற்றில் ஈரம் குறைவாக இருக்கும் மத்தியான நேரத்தில் அரையுங்கள். மிக்ஸி ஜாரில் ஒரு சொட்டு ஈரம்கூட இருக்கக் கூடாது. பாதி ஜார் பூண்டு போட்டு விட்டுவிட்டு, ஐந்து ஐந்து வினாடியாக ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் பிளேடு சூடாகி, பொடி ஜாரின் அடியில் பிசின்போல் அப்பிக்கொள்ளும். ஓட்டி நிறுத்தியதும் மூடியைத் திறக்காமல் இரண்டு நிமிடம் காத்திருங்கள். உள்ளே புகைபோல் சுற்றும் தூள் மூக்கிலும் கண்ணிலும் ஏறினால் அன்றைக்கு முழுக்க எரியும்.

மாவுச் சல்லடையில் சலித்து, மேலே நிற்கும் கப்பியை மறுபடி ஓட்டுங்கள். கடைசியில் தேறும் கப்பியை எறியாதீர்கள், அதற்கும் வேலை இருக்கிறது. உப்பையும் தனியாக அரைத்து அதே சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். ஏன் ஒரே சல்லடை என்றால், உப்பு பெரிய பரலாகவும் பூண்டு நைசாகவும் இருந்தால் பாட்டிலை எடுத்து வைத்துப் புழங்கப் புழங்க நைசானது எல்லாம் அடியில் போய்ச் சேரும். மேலே தூவும்போது வெறும் உப்பு விழும், அடியில் வெறும் பூண்டு மிஞ்சும். இரண்டும் ஒரே நைசாக இருந்தால் கடைசிக் கரண்டி வரை ஒரே ருசி.

அகலமான தாம்பாளத்தில் இரண்டையும் கொட்டி, காய்ந்த கையால் பிசறிக் கலந்து, மொத்தத்தையும் இன்னொரு தடவை சலித்துவிடுங்கள்.

இப்போது ஒரு சோதனை. ஒரு சிட்டிகை எடுத்து முகருங்கள், வாசனை அடக்கமாகத்தான் இருக்கும். அதே சிட்டிகையை ஒரு கரண்டிப் பச்சைத் தண்ணீரில் போட்டு, ஓரிரு நிமிடம் பொறுத்து முகருங்கள். அப்போதுதான் நசுக்கிய பூண்டுபோல் சுரீரென்று மேலே வரும். முதல் தடவை இது சரியாக வந்த அன்று, அந்தக் கரண்டியை வீட்டில் ஒவ்வொருவர் மூக்கிலும் நீட்டிக் காட்டினேன். தண்ணீர் பட்டும் அந்தக் காரம் வரவில்லையென்றால் காயவைக்கும்போது சூடு அதிகமாகியிருக்கிறது. சமையலுக்கு ஆகும், ஆனால் அடுத்த தடவை சூட்டைக் குறையுங்கள்.

வைத்துக்கொள்வது

கண்ணாடி பாட்டில், இறுக்கமான மூடி. சின்னச் சின்ன பாட்டில்களாகப் பிரித்துவிடுங்கள். பூண்டில் ஃப்ரக்டான் என்ற சர்க்கரைச் சங்கிலி நிறைய இருக்கிறது, அது ஈரத்தை உப்பைவிட ஆவலாக இழுக்கும். பெரிய பாட்டிலைத் தினமும் திறந்தால் தினமும் ஈரம் உள்ளே போகும். அடியில் வறுத்து ஆறிய அரிசியைச் சின்னத் துணியில் முடிந்து போடுங்கள், உப்பு ஜாடியில் நம் பாட்டிமார் போட்ட அதே அரிசிதான். கடைப் பொடிகளில் சிலிக்கா போன்ற கட்டி தடுக்கும் பொருள் சேர்ப்பார்கள். வீட்டில் அதற்கு அவசியமில்லை. லேசாகக் கட்டி தட்டினால் தாம்பாளத்தில் கொட்டி ஒரு மணி நேரம் வெயில் காட்டிச் சலித்தால் பழையபடி ஆகிவிடும்.

அடுப்புக்கு நேர் மேலே உள்ள அலமாரியில் வைக்காதீர்கள். ஆவி பறக்கும் சட்டிக்கு மேல் பாட்டிலைக் கவிழ்த்துத் தூவவும் வேண்டாம். கிண்ணத்தில் கொஞ்சம் கொட்டி அங்கிருந்து எடுங்கள். இப்படி வைத்தால் ஆறு மாதம் வரை மணம் நன்றாக நிற்கும். அதன் பிறகும் கெட்டுப்போகாது, காரம் மட்டும் மெல்ல இறங்கும்.

இதையே எண்ணெயில் குழைத்து மேசையில் வைத்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்கிறார்கள். காய்ந்த பூண்டு உப்பு பயமில்லாதது. பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறவைத்து வெளியே வைப்பதில்தான் ஆபத்து. காற்றில்லாத அந்த எண்ணெய்க்குள் பொட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியா வளரும், மணத்திலோ நிறத்திலோ எதுவும் தெரியாது. 1985-இல் கனடாவின் வான்கூவரில் எண்ணெயில் போட்டிருந்த பாட்டில் பூண்டைச் சாப்பிட்டு 36 பேர் பாதிக்கப்பட்டார்கள். எண்ணெய் வேண்டுமென்றால் அந்தந்த வேளைக்குக் குழைத்து அன்றே தீர்த்துவிடுங்கள்.

பச்சையாக அரைத்துச் செய்யும் முறை

நேரமில்லாதவர்களுக்கு இது. உரித்த பூண்டு 100 கிராமும் கல் உப்பு 300 கிராமும் சேர்த்து மிக்ஸியில் கொரகொரவென்று அரைத்து, தட்டில் மெல்லியதாகப் பரப்பி, வெயிலிலோ ஓடிஜியிலோ காயவைத்து, மறுபடி அரைத்துச் சலிக்க வேண்டும். சீவுகிற வேலை மிச்சம். ஆனால் அல்லிசின் முதலிலேயே பிறந்து பாதி பறந்துவிடுவதால் தண்ணீரில் போட்டால் எழும் அந்தக் காரம் இதில் இருக்காது. வதக்கிய பூண்டின் சாயலில் மென்மையாக இருக்கும். குழந்தைகளுக்கு இதுதான் பிடிக்கிறது.

எதில் போடலாம்

பொரித்த மரவள்ளி, உருளைக்கிழங்கு சிப்ஸ், வேகவைத்த சோளம், வேர்க்கடலை, ஆம்லெட், வெண்ணெய் தடவிய ரொட்டி. எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டோடு, தட்டில் வைத்துத் தூவுங்கள். கொதிக்கும் எண்ணெயில் நேராகப் போட்டால் நொடியில் கருகிவிடும். மீனுக்கும் கோழிக்கும் மசாலா பிசறும்போது முதலில் இரண்டு கரண்டித் தண்ணீரில் பூண்டு உப்பைக் கரைத்துப் பத்து நிமிடம் விட்டு, அப்புறம் எலுமிச்சம்பழம் பிழியுங்கள். நல்ல புளிப்பு அந்த நொதியை அடக்கிவிடும் என்பதால் இந்த வரிசை முக்கியம்.

இதைப் போட்டால் வேறு உப்பைக் குறைத்துவிடுங்கள். மூன்று பங்குக் கணக்கில் செய்த ஒரு கிராமில் முக்கால் கிராம் உப்புதான். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குக் கீழே உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் உப்பு கலக்காத பூண்டுப் பொடியைத் தனியாக ஒரு பாட்டிலில் எடுத்து வைத்துவிடுங்கள்.

அந்தக் கப்பியை என்ன செய்வது? மிளகும் சீரகமும் சேர்த்துத் தட்டி அன்றைய ரசத்தில் போட்டுவிடுங்கள். மிச்சம் இருந்தால் தோசை ஊற்றும்போது மாவின் மேல் தூவி, ஓரத்தில் எண்ணெய் விட்டு மூடி வையுங்கள். திறக்கும்போது தெரியும்.